தை முடிவதற்குள் சருகு வார வேண்டும்

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் வாரியும் மண்வெட்டியுமாகக் கூடுகிறோம். தோப்புகளுக்கும் குடியிருப்புக்கும் நடுவே பன்னிரண்டு அடி அகலத்துக்குச் சருகு வாரி, மணல் தெரியச் சுத்தம் செய்யும் வேலை. திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர், "டெல்டாவில் எங்கே காட்டுத்தீ வரப்போகிறது, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்கிறார்கள். அவர்கள் ஊரில் இல்லாத காலத்தில் நடந்ததை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

டெல்டா என்றதும் எல்லோருக்கும் வயலும் வாய்க்காலும்தான் கண்ணுக்குள் வருகின்றன. எங்கள் ஊர் அப்படியில்லை. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் பக்கம், கடைமடைக்கும் கடைமடை. காவிரித் தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் பெயருக்குத்தான் மிஞ்சும். மீதியெல்லாம் மணல். மணலில் சவுக்கு, தென்னை, மா, பனை. இடைவெளி விட்ட இடத்தில் சீமைக்கருவேல். அதற்கும் அப்பால் பாலை மரமும் நாவலும் காரையுமாகக் கோடியக்கரைக் காடு தொடங்குகிறது. 1967-இல் சரணாலயமான காடு அது. வெளிமான் பார்க்க வருகிறவர்களுக்குப் பச்சையாகத்தான் தெரியும். சித்திரையில் உள்ளே கால் வைத்தவருக்குத்தான் காலடியில் எல்லாம் அப்பளம்போல் நொறுங்குவது தெரியும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் தலைமேல் கரையேறியது. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. புயலுக்கு அடுத்த கோடையைப் பற்றி யாரும் எழுதவில்லை. விழுந்த தென்னைகளில் அடிமரத்தை மட்டும் வியாபாரிகள் கிடைத்த விலைக்கு அறுத்துக்கொண்டு போனார்கள். கொண்டைகள் தோப்பிலேயே கிடந்தன. மட்டை, பாளை, பன்னாடை என்று ஒவ்வொரு கொண்டையும் ஒரு சிறு வைக்கோல் போர் அளவு. ஆறு மாத வெயிலில் அவை காய்ந்தன. முறிந்த சவுக்குக் கிளைகளும் மிலாறும் முழங்கால் உயரத்துக்கு மூடிக் கிடந்தன. நாங்கள் அப்போது கூரைக்குத் தார்ப்பாய் கிடைக்குமா, நிவாரணத் தொகை வருமா என்று அலைந்துகொண்டிருந்தோம். தோப்பில் என்ன கிடக்கிறது என்று யார் பார்ப்பது?

2019 மே மாதம், அக்கினி நட்சத்திர நாட்கள். என் சித்தப்பா புதுத் தென்னங்கன்று வைப்பதற்காகத் தோப்பைச் சுத்தம் செய்து, கொண்டைகளைக் குவித்துக் காலை பத்து மணிக்குத் தீ வைத்தார். அலட்சியமாகச் செய்யவில்லை. அவர் அறுபது ஆண்டு அந்த மணலில் வாழ்ந்தவர். அன்று காலையில் மேல்காற்று. தோப்புக்குக் கிழக்கே வெறும் மணல், அதற்கப்பால் கடல். தீ போனாலும் மணலில் போய் அவியும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு நண்பகல் வரைக்கும் சரியாகவும் இருந்தது. ஒரு மணி வாக்கில் கடற்காற்று எழும்பியது. கரையோரத்தில் கோடையில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான். வெயில் ஏறத் தரை கொதித்துக் காற்று மேலே போகும். கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு உள்ளே வரும். காலையில் கடலை நோக்கிப் போன காற்று மதியம் ஊரை நோக்கித் திரும்பும். மீன்பிடிக்கிறவர்களுக்கு இது மூச்சு விடுவதுபோலத் தெரிந்த விஷயம். தோப்புக்காரர்கள் அதைத் தீயோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை.

அவியப்போன குவியல் மறுபடி பிடித்தது. தரையில் போன தீயைவிடப் பறந்து வந்ததுதான் பயங்கரம். பன்னாடையைப் பார்த்திருப்பீர்கள், தென்னை மட்டையின் அடியில் சாக்குத் துணிபோல நெய்திருக்குமே அது. அது பற்றினால் கந்தலாகக் கிழிந்து, எரிந்துகொண்டே காற்றில் ஏறும். அப்படி ஒரு துண்டு எங்கள் தெருவுக்குள் வந்து, பெரியம்மா வீட்டு அடுப்படிக் கீற்றின் மேல் உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சிறிய துண்டு, கைக்குட்டை அளவுகூட இருக்காது. நான் ஓடிப் போவதற்குள் கூரையில் தட்டு அகலத்துக்குக் கறுப்பு. அதன் விளிம்பில் சிவப்பு.

நான் ஆயில் இன்ஜின் பழுது பார்க்கிறவன். ஊர்க் குட்டையின் கரையில் எங்கள் பொது இன்ஜின் இருந்தது. அதை ஓட்டிவிட்டால் இருநூறு அடி குழாயில் தண்ணீர் கொண்டுவந்துவிடலாம். ஓடினேன். முதல் சுற்றிலேயே இன்ஜின் ஓடத் தொடங்கியது. தண்ணீர் வரவில்லை. பம்புக்குள் வாளி வாளியாக நீர் ஊற்றிப் பார்த்தேன். ஊற்றியதெல்லாம் இறங்கிப் போய்விட்டது. குழாயின் அடிநுனியில் தண்ணீருக்குள் கிடக்கும் ஃபுட்வால்வு ஏறிய நீரைத் திரும்ப இறங்க விடாமல் பிடித்து வைக்க வேண்டும். அது பிடிக்கவில்லை. குட்டைக்குள் குதித்துக் குழாயைத் தூக்கிக் கரையில் போட்டுக் கழற்றினேன். வால்வின் தோல் மடலுக்கு அடியில் ஒரு சவுக்குக் காய் மாட்டியிருந்தது. சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். அதை எடுத்துப் போட்டு மறுபடி மாட்டித் தண்ணீர் வருவதற்குள் இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. அந்தக் காய் இப்போதும் என் பட்டறையில், நட்டு போல்ட் போடும் டப்பாவில் இருக்கிறது. அந்த இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கோடை தொடங்கும் முன் ஒருமுறை நான் அதை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் மேல் குறையே சொல்ல மாட்டேன். எங்கள் சந்து மணல், இரண்டு பக்கமும் சீமைக்கருவேல் முள். வண்டி நடுவில் புதைந்துவிட்டது. அவர்கள் இறங்கி ஓடிவந்து எங்களோடு சேர்ந்து பச்சை வேப்பங்கொத்தால் அடித்தார்கள். வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பான்களை நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு வந்த பையன்களால்தான் அன்று பாதித் தெரு பிழைத்தது. மாட்டுத் தொட்டியில் சாக்கை நனைத்து நனைத்துப் பெண்கள் கூரைகளுக்கு எறிந்தார்கள். மாலை நான்கரைக்குத் தீ அடங்கியது. ஏழு ஏக்கர் தோப்பு, மூன்று அடுப்படிகள், ஒரு மாட்டுக்கொட்டகை, கட்டியிருந்த ஒரு கன்று. மனித உயிர் எதுவும் போகவில்லை.

சித்தப்பா பத்து நாட்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. யாரும் அவரை ஏசவில்லை. அந்த வாரம் அவருக்குப் பதில் நம்மில் யார் வேண்டுமானாலும் அந்தக் குவியலைக் கொளுத்தியிருப்போம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாட்களில்தான் பெரியம்மா ஒரு சொல் சொன்னார்கள். "எங்கள் காலத்தில் தோப்பில் எரிய என்ன இருந்தது? வாசலைவிடத் தோப்பு சுத்தமாக இருக்கும்." யோசித்தால் அது முழு உண்மை. என் சிறுவயதில் விடிவதற்கு முன் பெண்கள் கூடையோடு சவுக்குத் தோப்புக்குப் போய்விடுவார்கள். ஊசிச் சருகு, மிலாறு, காய், பனையின் காவோலை, தென்னை மட்டை எல்லாம் அடுப்புக்குப் போகும். முந்தி வாருவதற்குச் சண்டைகூட நடக்கும். பிறகு 2007 வாக்கில் அரசு எரிவாயு அடுப்பு கொடுத்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மாவின் இருமல் நின்றது அதனால்தான். மறுபடி விறகடுப்புக்குப் போங்கள் என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அடுப்பு மாறியபோது, அந்தக் கூடைகள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையும் நின்றுபோனதை நாம் கவனிக்கவில்லை. தோப்புகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுச் சருகு மெத்தையாகச் சேர்ந்துவிட்டது. அதன்மேல்தான் கஜா வந்து விழுந்தது.

இதையே மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன், என் பிழைப்புக்குச் சம்பந்தமில்லாத படிப்பு என்றாலும். போர்ச்சுகலில் 2017 ஜூன் 17 அன்று பெத்ரோகாவ் கிராண்டி என்ற பகுதியில் மூண்ட தீயில் 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வீட்டில் இறக்கவில்லை. காரில் ஏறித் தப்பிக்கப் போன சாலையில் இறந்தார்கள். அங்கும் கதை இதேதான். இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், ஆடு மேய்ப்பவர்கள் குறைந்தார்கள், வயலாக இருந்த இடமெல்லாம் புதராகவும் தைல மரமாகவும் ஆனது. அன்றைய தீயில் ஒரு கிராமத்தில் 12 பேர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று உயிர் பிழைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மாட்டுத் தொட்டிதான் கண்முன் நின்றது. அடுத்த ஆண்டே அந்த நாட்டில் ஊருக்கு ஒரு பொறுப்பாளர், ஊருக்குள்ளேயே ஒரு புகலிடம், முன்கூட்டியே ஒத்திகை என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஓடுவதா, ஊருக்குள் ஓரிடத்தில் நிற்பதா என்பதைத் தீ வந்த பிறகு யோசிக்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர். எங்கள் ஊருக்குப் புகலிடம் தேட வேண்டிய வேலையே இல்லை. மேற்கே உப்பளம். புல்கூட முளைக்காத இடம். வயதானவர்களை எந்த வீட்டார் யாருடைய வண்டியில் அங்கே கொண்டுபோவது என்பது மட்டும் இப்போது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

உத்தராகண்டில் அல்மோரா பக்கத்துச் சீத்லாகேத் கிராமத்தார் செய்வது எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. வயலோரத்து முட்புதரை வெட்டிக் குவித்துக் கொளுத்துவதை அங்கே ஓண் என்கிறார்கள். மலைக்காட்டில் தீ ஏறுவதற்கு அதுதான் ஒரு பெரிய காரணமாக இருந்தது. கொளுத்தவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பைன் ஊசிகள் காய்ந்து கொட்டுவதற்கு முன், மார்ச் முடிவதற்குள் கொளுத்தி முடித்துவிட வேண்டும் என்று ஊரே பேசி முடிவு செய்து, ஏப்ரல் 1-ஐ ஓண் நாள் என்று வைத்துக்கொண்டார்கள். இதில் முன்னின்றவர்கள் பெண்கள். சித்தப்பாவுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தீயில் இல்லை; நாளிலும் நேரத்திலும், பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதிலும்தான்.

அல்மோரா இருக்கும் அதே குமாவுன் மலையில் 1921-இல் மக்களே காட்டுக்குத் தீ வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அரசு காட்டை எடுத்துக்கொண்டு, உள்ளே வராதே என்றபோது, அரசு வளர்த்த பைன் காடுகளைக் கொளுத்தினார்கள். தங்களுக்குத் தீவனமும் விறகும் தந்த அகன்ற இலைக் காடுகளைப் பெரும்பாலும் தொடவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1931-இல் காட்டை ஊராரே பார்த்துக்கொள்ளும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வந்தன. இன்று அங்கே 11,000-க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. தன்னுடையது என்று நினைக்கும் காட்டுக்குத்தான் ஒருவன் தூக்கத்தைவிட்டு எழுந்து ஓடுவான்.

நம் காவிரி வரும் வழியிலேயே, கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள் கோடையின் தொடக்கத்தில், ஈரம் மிச்சமிருக்கும்போதே சருகுக்குச் சிறு தீ வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். 'தரகு பெங்கி' என்பார்கள், சருகுத் தீ என்று அர்த்தம். 1974-இல் அந்த மலை சரணாலயமான பிறகு அது நின்றது. உண்ணிச்செடி காடெங்கும் புதராக ஏறியது; அதன்மேல் தீ பிடித்தால் தரையோடு போகாமல் மரத்தில் ஏறுகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி 2011-இல் சோலிகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. அந்தச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தருகிறது என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

எங்களுக்கோ தீ வைக்கும் மரபு இல்லை. மணல் பூமியில் அது வேண்டியதும் இல்லை, வாருவதே போதும். எங்களுக்கு இருந்த மரபு வேறு: குடிமராமத்து. ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும். ஆள் அனுப்பாத வீடு கூலி கொடுக்க வேண்டும். என் தாத்தா வாழ்ந்த காலம் வரை அது ஊர்க் கட்டுப்பாடு. தண்ணீருக்காக அப்படிக் கூடிய ஊர், தீக்காக ஏன் கூடக் கூடாது என்று 2020 ஜனவரி 26 கிராம சபையில் ஒரு பெண் எழுந்து கேட்டார். அடுத்த கிராம சபை மே 1 அன்று வரும். அதற்குள் வெயில் முந்திவிடும் என்பதால் அன்றைக்கே தீர்மானம் போட்டோம். தை மாதக் கடைசி ஞாயிறு என்று முடிவானது.

முதல் ஆண்டு வாரியதை மறக்க முடியாது. நான் பட்டறையில் கிடந்த பழைய கம்பிகளை வளைத்து, பதினாறு பல் வைத்துப் பத்து வாரிகள் செய்தேன். சவுக்கு ஊசி மேலே பார்த்தால் மெல்லிய பாய்போல இருக்கும். வாரியை அழுத்தி இழுத்தால் அடியில் இன்னொரு பாய், அதற்கும் அடியில் கறுத்து ஒட்டிய மூன்றாவது பாய். மணல் தெரிவதற்கு ஒரே இடத்தில் நான்கு முறை இழுக்க வேண்டியிருந்தது. கடைசி இழுப்பில் வெள்ளை மணல் கோடு கோடாகத் தெரிந்தபோது பெரியம்மா குனிந்து கையால் தடவிப் பார்த்தார்கள். வாரிய சருகைக் கொளுத்தவில்லை. சாணக் கரைசல் தெளித்துத் தென்னை வட்டப் பாத்திகளிலும் மல்லிகைத் தோட்டத்திலும் மூடாக்காகப் போட்டோம். சவுக்கு ஊசி மட்கச் சோம்பல்படும். ஆனாலும் அடியில் ஈரம் நிற்கிறது.

வேறு சில கட்டுப்பாடுகளும் வந்தன. குப்பை கொளுத்துகிறவர் முதல் நாளே அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டும். விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் தண்ணீர் ஊற்றி அவித்து, சாம்பலைக் கிளறிக் கையை மேலே பிடித்துச் சூடு பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். சந்தின் இரண்டு பக்கத்துச் சீமைக்கருவேலும் வேரோடு போயிற்று. இப்போது தண்ணீர் வண்டி கடைசி வீடு வரை வரும். மாசி முதல் ஆடி வரை மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நான் இன்ஜினை ஓட்டித் தண்ணீர் வருவதைக் காட்டி, கோயில் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2022 சித்திரையில் அதற்குச் சோதனை வந்தது. வடக்கேயிருந்து, கரிமூட்டம் போட்ட இடத்திலிருந்து தீ கிளம்பித் தோப்புக்குள் வந்தது. நாங்கள் வாரி வைத்திருந்த மணல் பட்டைக்கு வந்து, விளிம்பு நெடுகச் சிறு சிறு நாக்காக நின்று, தின்ன எதுவும் இல்லாமல் ஒவ்வொன்றாக அணைந்தது. பொறி தாண்டி ஒரு வைக்கோல் போர் எரிந்தது உண்மைதான். மணல் பட்டை தரைத் தீயை நிறுத்தும். பறக்கும் பொறியை நிறுத்தாது. அதனால்தான் இப்போது கொட்டகைக் கூரை மேல் சருகு சேர விடுவதில்லை, வைக்கோல் போரையும் வீட்டிலிருந்து தள்ளிப் போடச் சொல்கிறோம். ஆனால் அன்று அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை.

செயற்கைக்கோள் பார்த்துத் தீ எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. பெரிய மலைக்காடுகளுக்கு அது அவசியம். அதில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் நீள அகலம் கொண்ட சதுரம். 2019-இல் எரிந்த எங்கள் ஏழு ஏக்கர் முழுவதும் அப்படி ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். எந்தத் தோப்பு, எந்தச் சந்து, எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பது அந்தப் புள்ளிக்குத் தெரியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியபோதும் உள்ளூர்க்காரர்களும் மீட்க மலை ஏறினார்கள். வழி தெரிந்த கால்கள் அவர்களுடையவை.

சென்ற ஆண்டு கூட்டம் குறைவு. எழுபது வீடுகளில் இருபத்தெட்டு வீடுகள்தான் ஆள் அனுப்பின. மூன்று ஆண்டு தீ இல்லை என்றால் மனம் இளகிவிடுகிறது. தெற்குப் பக்கம் இருநூறு அடி வாராமலே விட்டோம். கோடை முழுக்க அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த ஆண்டு அங்கேயிருந்துதான் தொடங்குகிறோம்.

சித்தப்பாவுக்கு இப்போது வாரி இழுக்க முடியாது, முழங்கால் வலி. தோப்பு முனையில் ஒரு மூங்கில் நட்டு அதில் பழைய சிவப்புத் துண்டைக் கட்டி வைத்திருக்கிறார். யார் எங்கே குவியல் கொளுத்தினாலும், கூப்பிடாமலே வந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். துண்டு கடல் பக்கத்திலிருந்து ஊர்ப் பக்கம் திரும்பியதும், "போதும், ஊற்றுங்கள் தண்ணீரை" என்பார். அந்தக் குரலுக்கு மறுபேச்சு பேசியவர் இதுவரை இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலில் கூடுகிறோம். கஞ்சியும் துவையலும் மகளிர் குழுவினர் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டில் யார் வருகிறார்கள் என்று போன் செய்து கேளுங்கள். வாரி இல்லாதவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் என் பட்டறைக்கு வாருங்கள். புதிதாக ஆறு செய்து வைத்திருக்கிறேன்.